பெட்ரோல் தொட்டியில் டீசல் புகுந்தால்



பிழைப்பின் பொருட்டுத் தாயகம் விட்டுப் பிற மாநிலங்களில் வாழும் தமிழ் மக்களுள் பலருக்கு மோட்டார் சைக்கிள் ஓர் ஆடம்பரப் பொருள் அன்று; கைகால்களைப் போன்றதொரு கருவி. திருவனந்தபுரத்தையே எடுத்துக்கொள்வோம். சாலைக் கடைத்தெருவிலிருந்து மளிகைச் சரக்கின் மாதிரிகளைப் பையில் அடைத்துக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கும் விற்பனையாளர், கழக்கூட்டத்துத் தொழில்நுட்பப் பூங்காவுக்குக் காலையில் விரையும் இளைஞர், வீடு வீடாக உணவுப் பொட்டலம் கொண்டு சேர்ப்பவர், களியிக்காவிளை எல்லையைத் தாண்டி நாகர்கோவிலுக்கும் தலைநகருக்கும் இடையே நாள்தோறும் போய்வருபவர் என்று எத்தனையோ பேருக்கு இந்த இரண்டு சக்கரங்களே அன்றாடக் கூலியை ஈட்டித் தருகின்றன. வண்டி ஒரு நாள் நின்றால் வருவாய் ஒரு நாள் நிற்கும். எஞ்சினே பழுதுபட்டால் ஒரு மாதத்துச் சேமிப்பு கரைந்துவிடும்.

அத்தகைய வண்டியின் பெட்ரோல் தொட்டிக்குள் தவறுதலாக டீசல் புகுந்துவிட்டால் என் செய்வது? இதனைப் பற்றியே இன்று உங்களுடன் சிறிது பேச விரும்புகிறேன். விஷயம் சிறியதாகத் தோன்றலாம். ஆனால் அந்த வேளையில் செய்வது இன்னது, செய்யாது விடுவது இன்னது என்பதை அறிந்தவர் சில நூறு ரூபாய்ச் செலவோடு தப்பித்துக்கொள்வார். அறியாதவரோ பல ஆயிரங்களை இழக்க நேரும். இரண்டிற்கும் இடையேயுள்ள வேற்றுமை, சாவியைத் திருப்பும் ஒரு கணத்தில் அடங்கியிருக்கிறது.

முதலில் இத்தவறு எவ்வாறு நேர்கிறது என்று காண்போம். நம் நாட்டில் பெட்ரோல் பங்க்குகளில் எண்ணெய் நிரப்புபவர் பெரும்பாலும் அங்குள்ள ஊழியரே. அவர் காலை முதல் இரவு வரை நின்றுகொண்டு நூற்றுக்கணக்கான வண்டிகளுக்கு ஊற்றுகிறார். பல இடங்களில் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் உரிய குழாய்கள் ஒரே இயந்திரத்தில் அருகருகே தொங்குகின்றன. உங்களுக்கு முன்னே ஒரு டீசல் ஆட்டோரிக்‌ஷா நிற்கிறது. அதற்கு ஊற்றிய கை அதே குழாயுடன் உங்கள் வண்டியின் பக்கம் திரும்பிவிடுவதும் உண்டு.

மோட்டார் காருக்கு இதில் ஒரு சிறிய பாதுகாப்பு இருக்கிறது. டீசல் குழாயின் மூக்கு பெட்ரோல் குழாயின் மூக்கைவிடப் பருமனாக அமைந்திருந்தால், பெட்ரோல் காரின் குறுகிய வாயில் அது நுழைவதில்லை. மோட்டார் சைக்கிளின் தொட்டிக்கோ வாய் அகன்றது. எந்தக் குழாயும் அதில் தடையின்றி நுழையும். ஆகவே காரைக் காக்கும் அந்த வேலி நமக்கு இல்லை. நம் கண்ணும் நாவுமே நமக்குக் காவல்.

நாவு என்று சொன்னேன். மலையாள நாட்டில் ‘எண்ண அடிக்கணம்’ என்று சொல்வது வழக்கம். நம்மவரும் அங்குச் சில காலம் வாழ்ந்த பின் அப்படியே சொல்லப் பழகிவிடுகின்றனர். ஆனால் ‘எண்ணெய்’ என்ற அந்தச் சொல் பெட்ரோலையும் குறிக்கும், டீசலையும் குறிக்கும். பரபரப்பான வேளையில் அது போதாது. ‘பெட்ரோல்’ என்று பெயரைச் சொல்லியே கேட்க வேண்டும். மொழி புதிதாக இருக்கும் ஊரில் கூச்சத்தினால் வாய் திறவாமல் விரலைக் காட்டிவிட்டு நிற்பவர்களும் உண்டு. பெட்ரோல் என்ற சொல் இந்தியா முழுவதிலும் ஒன்றே. அதனைச் சொல்ல மொழியறிவு வேண்டுவதில்லை.

பங்க்கில் மட்டுமே இது நேரும் என்று எண்ண வேண்டா. மின்சாரம் நின்றால் இயக்குவதற்கென்று வைத்திருக்கும் டீசல் ஜெனரேட்டருக்காக ஒரு கேனில் டீசல் இருக்கும். அவசரத்துக்கென்று வேறொரு கேனில் பெட்ரோல் இருக்கும். இரண்டும் ஒரே நிறக் கேன்களாயின், இரவு நேரத்தில் கை மாறிப்போவது இயல்பு. கேனின் மீது பெரிய எழுத்தில் பெயர் எழுதி வைப்பது இதற்குத் தக்க பரிகாரம்.

இனி, இவ்விரு எரிபொருள்களும் ஒன்றுக்கொன்று எவ்வகையில் மாறுபட்டவை என்று பார்ப்போம். இரண்டும் பூமிக்கடியிலிருந்து எடுக்கப்படும் கச்சா எண்ணெயைக் காய்ச்சி வடித்துப் பிரிப்பதால் கிடைப்பவையே. எளிதில் ஆவியாகும் இலேசான பகுதி பெட்ரோல். அதைவிடக் கனமான பகுதி டீசல். பெட்ரோல், பனிக்கட்டியின் குளிரைவிட மிகத் தாழ்ந்த வெப்பநிலையிலும், ஏறத்தாழச் சுழிக்குக் கீழே 40 டிகிரி அளவிலும், தீப்பற்றத்தக்க ஆவியைத் தரும். டீசலோ சாதாரண அறை வெப்பத்தில் அத்தகைய ஆவியைப் போதிய அளவு தருவதில்லை.

எஞ்சின்களும் இத்தன்மைகளுக்கு ஏற்பவே அமைந்தன. ஜெர்மனியில் நிக்கோலஸ் ஓட்டோ என்பவர் 1876இல் நான்கு வீச்சு எஞ்சினை உருவாக்கினார். எரிபொருளின் ஆவியும் காற்றும் கலந்து உள்ளே புக, அதனை ஒரு தீப்பொறி கொளுத்துவது என்பது அதன் முறை. நம் மோட்டார் சைக்கிள் எஞ்சின் அந்த மரபைச் சேர்ந்தது. ருடால்ஃப் டீசல் என்பவர் 1897இல் ஆக்ஸ்பர்க் நகரில் வெற்றிகரமாக ஓட்டிக்காட்டிய எஞ்சின் வேறு வகை. அதில் தீப்பொறி இல்லை. காற்றை மிகுந்த அழுத்தத்தில் நெருக்கினால் அது கொதிக்கும் சூடு கொள்ளும். அந்தச் சூட்டில் எண்ணெயைத் தூவினால் தானே பற்றிக்கொள்ளும். காற்றைப் பதினாறு, இருபது பங்கு வரையிலும் நெருக்குவது டீசல் எஞ்சின். மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் எஞ்சினோ பெரும்பாலும் ஒன்பது, பத்துப் பங்கு அளவிலேயே நின்றுவிடும்.

ஆகையால் பெட்ரோல் எஞ்சினுக்குள் டீசல் புகும்போது நிகழ்வது என்ன? அது ஆவியாக மாறாமல் சொட்டுச் சொட்டாகவே சிலிண்டருக்குள் செல்கிறது. தீப்பொறி அதனைக் கொளுத்த இயலாமல் தவிக்கிறது. ஸ்பார்க் பிளக்கின் முனையில் எண்ணெய்ப் பசை படிந்து, பொறியே எழாமல் போகிறது. எரியாத டீசல், புகைக்குழாய் வழியே வெண்புகையாக வெளியேறுகிறது. சிறிதளவே டீசல் கலந்திருந்தாலோ வண்டி ஓடும். ஆனால் இழுவை குறையும், எஞ்சினில் தட்டும் ஓசை கேட்கும். டீசல் தன்னியல்பாகச் சூட்டில் விரைந்து பற்றும் தன்மையுடையது. ஆதலால் பொறி எழுவதற்கு முன்பும் பின்பும் ஒழுங்கின்றி எரிந்து இந்த ஓசையை எழுப்புகிறது.

எரியாத டீசலில் ஒரு பகுதி பிஸ்டனின் ஓரமாகக் கீழே வழிந்து எஞ்சின் ஆயிலோடு கலந்துவிடும். அங்கேதான் பெரும் தீங்கு தொடங்குகிறது. மோட்டார் சைக்கிளில் எஞ்சின், கியர், கிளட்ச் ஆகிய மூன்றுக்கும் பெரும்பாலும் அந்த ஒரே ஆயில்தான் உயவு தருகிறது. சிறிய வண்டிகளில் அதன் அளவு சுமார் ஒரு லிட்டரே. அதில் டீசல் கலந்து நீர்த்துப்போனால், உலோகத்தோடு உலோகம் உராயத் தொடங்கும்.

இந்நாளைய வண்டிகளுக்கு இன்னொரு கவலையும் உண்டு. 2020ஆம் ஆண்டு ஏப்ரல் 1 முதல் நாடெங்கும் பி.எஸ். 6 என்னும் மாசுக்கட்டுப்பாட்டு விதி நடைமுறைக்கு வந்தது. அதன்பின் வந்த மோட்டார் சைக்கிள்களில் கார்புரேட்டருக்குப் பதிலாகப் பெரும்பாலும் மின்னணு முறையில் எரிபொருள் தூவும் இன்ஜெக்டர் அமைந்துள்ளது. புகைக்குழாயினுள் நச்சுப்புகையை மாற்றும் வினையூக்கிப் பெட்டியும், ஆக்சிஜன் அளவை அறியும் உணர்கருவியும் இருக்கின்றன. எரியாத டீசல் அவற்றின்மேல் படிந்தால் அவை கெடும். அவற்றின் விலையோ மிகுதி.

நேயர்களே, இத்தனையும் எஞ்சின் ஓடினால் விளையும் கேடுகள் என்பதை நோக்குங்கள். தொட்டிக்குள் டீசல் கிடப்பதனால் மட்டும் எஞ்சினுக்கு யாதொரு தீங்கும் இல்லை. ஆதலின் முதல் விதி இது: தவறு தெரிந்தவுடன் வண்டியைக் கிளப்பாதீர்கள். இன்ஜெக்டர் உள்ள வண்டியானால் சாவியையே திருப்பாதீர்கள். சாவியைத் திருப்பிய மாத்திரத்தில் தொட்டிக்குள் இருக்கும் பம்பு சில விநாடிகள் ஓடி, டீசலைக் குழாய்க்குள் தள்ளிவிடும். கார்புரேட்டர் உள்ள வண்டியானால் தொட்டியின் கீழுள்ள குழாயை உடனே மூடிவிடுங்கள்.

இங்கே மனித மனம் ஒரு சபலத்துக்கு ஆளாகிறது. ‘வீடு மூன்று கிலோமீட்டர்தானே? எப்படியாவது ஓட்டிச் சென்றுவிடலாம்’ என்று தோன்றும். திருவனந்தபுரமோ மேடும் பள்ளமும் நிறைந்த நகரம். அங்கே ஏற்றத்தில் வண்டியைத் தள்ளுவது எளிதன்று. பின்னால் நிற்பவர்கள் ஒலி எழுப்புவார்கள், வேலைக்கு நேரமாகும். இவையெல்லாம் உண்மையே. ஆயினும் பத்து நிமிடம் தள்ளுவதற்கு அஞ்சி ஓட்டிச் சென்றவர், எஞ்சினைப் பிரித்துப் பார்க்கும் நிலைக்கு ஆளாகலாம். பதறாத காரியம் சிதறாது என்று நம் பெரியோர் சொன்னது இவ்விடத்துக்கு முற்றும் பொருந்தும். பங்க்கின் ஓரத்திலேயே வண்டியை நிறுத்திவிட்டு, பழுதுபார்ப்பவரை அங்கு வரவழைப்பது உத்தமம்.

ஊற்றியது டீசல்தானா என்ற ஐயம் எழுந்தால் அதனைத் தெளிந்துகொள்ளவும் வழி உண்டு. ரசீதில் எரிபொருளின் பெயரும் விலையும் அச்சாகியிருக்கும். அதுவும் இல்லையேல் ஒரு வெள்ளைத் தாளில் ஒரு துளி விட்டுப் பாருங்கள். பெட்ரோல் சிறிது நேரத்தில் ஆவியாகிப் பெரும்பாலும் கறையின்றி மறையும். டீசல் எண்ணெய்க் கறையாகத் தாளில் தங்கிவிடும். விரலில் தொட்டாலும் பெட்ரோல் குளிர்ந்து உலரும். டீசல் பிசுபிசுப்பாக ஒட்டிக்கொள்ளும்.

‘டீசல் கனமானது, அது அடியில் தங்கிவிடும், அடியிலுள்ளதை மட்டும் வடித்துவிட்டால் மேலே நல்ல பெட்ரோல் மிஞ்சும்’ என்று சிலர் கருதுகின்றனர். இது சரியன்று. டீசல் கனமானது என்பது மெய். ஊற்றிய உடனே அதன் பெரும்பகுதி அடியில் செல்வதும் உண்டு. ஆனால் இரண்டும் ஒரே இனத்து எண்ணெய்கள். வண்டி சற்றுக் குலுங்கினாலும் ஒன்றோடொன்று கலந்து கரைந்துவிடும். பாலும் நீரும் போலக் கலந்த அவற்றைத் தொட்டிக்குள் வைத்துப் பிரிக்க இயலாது. ஆகவே தொட்டியில் உள்ளது முழுவதையும் வெளியேற்ற வேண்டும்.

வெளியேற்றும் முறையைச் சொல்கிறேன். கார்புரேட்டர் வண்டியில் தொட்டிக் குழாயோடு இணைந்த ரப்பர்க் குழலைக் கழற்றி, கீழே ஒரு பாத்திரத்தை வைத்துத் திறந்துவிட்டால் வடிந்துவிடும். இன்ஜெக்டர் வண்டியில் பம்பு தொட்டிக்குள்ளேயே பொருத்தப்பட்டிருப்பதால், கைப்பம்பைக் கொண்டு தொட்டியின் வாய் வழியே எடுத்த பின், எஞ்சியதைத் தேர்ந்த மெக்கானிக் தொட்டியைக் கழற்றி வடிப்பதே நலம்.

ஒன்றை மிகவும் வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன். ரப்பர்க் குழலை வாயில் வைத்து உறிஞ்சி எண்ணெய் எடுக்கும் வழக்கம் நம்மவரிடம் பரவலாக இருக்கிறது. இது உயிருக்கே ஆபத்தானது. பெட்ரோலோ டீசலோ ஒரு சிறிதளவு மூச்சுக்குழலுக்குள் சென்றாலும் நுரையீரல் அழற்சி கொள்ளும். தவறி விழுங்கிவிட்டவரை வாந்தி எடுக்கச் செய்யவும் கூடாது. வாந்தியின்போது அது மீண்டும் நுரையீரலுக்குள் செல்லக்கூடும். உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். எஞ்சினுக்கு மாற்று உண்டு, நுரையீரலுக்கு இல்லை.

வடிக்கும் இடம் காற்றோட்டமுள்ள வெளியிடமாக இருத்தல் வேண்டும். பீடி, சிகரெட், விளக்கு, அடுப்பு ஆகியவை அருகே இருக்கலாகாது. டீசல் கலந்ததாயிற்றே, எளிதில் தீப்பற்றாது என்று அலட்சியம் கொள்ள வேண்டா. கலவையில் உள்ள பெட்ரோல், தீப்பற்றும் ஆவியைத் தந்துகொண்டே இருக்கும். வாடகை அறைகளில் நான்கைந்து பேராகச் சேர்ந்து வாழும் இளைஞர்கள், மழைக்கு ஒதுங்கி வீட்டுத் திண்ணையிலோ மாடிப்படியின் கீழோ இவ்வேலையைச் செய்வது பெருந்தவறு.

தொட்டி வற்றியதும், அரை லிட்டர் நல்ல பெட்ரோலை ஊற்றி, நன்கு குலுக்கி, அதனையும் வடித்துவிடுங்கள். இயன்றால் மறுமுறையும் அவ்வாறே செய்யுங்கள். பிறகு கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தில் உள்ள வடிகால் திருகைத் தளர்த்தி, அங்குத் தங்கியதையும் அகற்ற வேண்டும். எரிபொருள் வடிகட்டியைத் துப்புரவு செய்யவோ மாற்றவோ வேண்டும்.

எஞ்சின் ஓடாமல் இருந்ததாயின் வேலை இவ்வளவோடு முடிந்தது. புதிய பெட்ரோல் ஊற்றிக் கிளப்பலாம். எஞ்சின் சில நிமிடங்கள் ஓடி நின்றிருந்தால், ஸ்பார்க் பிளக்கையும் கழற்றித் துடைத்து உலர்த்த வேண்டும். விலை குறைந்த பொருளாதலால் புதிது போடுவது இன்னும் நன்று. பிளக் இல்லாத நிலையில் எஞ்சினைச் சில முறை சுழற்றினால் சிலிண்டருக்குள் தங்கிய டீசல் வெளியே தெறித்துவிடும். ஆனால் அவ்வேளையில் பிளக் கம்பியில் பொறி எழாதபடி இணைப்பை நீக்கியிருத்தல் அவசியம். தெறிப்பது எரிபொருள் என்பதை மறத்தல் ஆகாது. பழக்கமில்லாதவர் இதனை மெக்கானிக்கிடம் விட்டுவிடுவதே தக்கது.

வண்டி நெடுந்தூரம் ஓடித் தானாக நின்றிருந்தால், எஞ்சின் ஆயிலைச் சோதியுங்கள். அளவு குறியைத் தாண்டி உயர்ந்திருந்தாலோ, டீசல் வாடை வீசினாலோ, நீர்போல இளகியிருந்தாலோ அதனை மாற்றாமல் எஞ்சினைக் கிளப்பக் கூடாது. ஐயம் இருப்பினும் மாற்றிவிடுங்கள். ஒரு லிட்டர் ஆயிலின் விலை, ஒரு பிஸ்டனின் விலையோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது.

எல்லாம் முடிந்து வண்டியைக் கிளப்பும்போது முதலில் சற்று அடம்பிடிக்கும். சில நிமிடங்கள் வெண்புகை வரும். அதற்காக அஞ்ச வேண்டா. குழாய்களில் ஒட்டியிருந்தது எரிந்து தீரும் வரை அப்படித்தான் இருக்கும். நன்றாகச் சூடேறிய பின்னும் புகை நீங்காவிடில், தட்டும் ஓசை தொடர்ந்தால், அல்லது எஞ்சின் எச்சரிக்கை விளக்கு அணையாவிடில், மீண்டும் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

மெக்கானிக்கிடம் நடந்ததை உள்ளபடி சொல்லுதல் மிகவும் முக்கியம். வெட்கத்தினால் சிலர் ‘வண்டி கிளம்பவில்லை’ என்று மட்டும் சொல்லிவிட்டு நிற்பார்கள். அவர் பேட்டரி, மின்கம்பி என்று தேடி வீண்செலவு வைப்பார். ‘டீசல் மாறி அடிச்சு’ என்றும், எஞ்சினை ஓட்டாதிருந்தால் ‘ஸ்டார்ட் செய்திட்டில்லா’ என்றும் மலையாளத்தில் இரண்டு சொற்றொடர் சொன்னால் போதும். பாதி வேலை முடிந்துவிடும்.

இதுவரை பெட்ரோல் வண்டியில் டீசல் புகுந்ததைப் பற்றிச் சொன்னேன். இதற்கு நேர்மாறான நிலையும் நம் நாட்டில் உண்டு என்பது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். சென்னையை அடுத்த திருவொற்றியூரில் தொடங்கிய என்ஃபீல்டு நிறுவனம், 1955 முதல் புல்லட் மோட்டார் சைக்கிளை நம் நாட்டில் உருவாக்கி வருவதை நீங்கள் அறிவீர்கள். அதே நிறுவனம் ஒரு காலத்தில் 325 கன சென்டிமீட்டர் டீசல் எஞ்சின் பொருத்திய புல்லட்டையும் விற்றது. வேகம் குறைவு, ஓசையும் அதிர்வும் மிகுதி. ஆனால் எண்ணெய்ச் செலவு மிகவும் சிக்கனம். மாசுக்கட்டுப்பாட்டு விதிகள் கடுமையான பின் அதன் உற்பத்தி நின்றது. எனினும் அவ்வண்டியைப் போற்றிப் பாதுகாப்பவர்கள் இன்னும் இருக்கின்றனர்.

அத்தகைய வண்டியைக் கண்டதும் பங்க் ஊழியர் வழக்கப்படி பெட்ரோலை ஊற்றிவிடக்கூடும். டீசல் எஞ்சினுக்குள் பெட்ரோல் செல்வது முன்னதைவிடக் கொடியது. டீசல் தான் எரிவதோடு, தன்னைத் தூவும் பம்பின் நுண்ணிய பாகங்களுக்கு உயவாகவும் இருக்கிறது. பெட்ரோலுக்கு அந்தக் குணம் இல்லை. ஆதலால் பம்பு வறண்டு தேய்ந்துவிடும். பழைய வண்டிகளின் உதிரிப் பாகங்கள் எளிதில் கிடைப்பதும் இல்லை. அவ்வண்டியின் உரிமையாளர் தொட்டி மூடியின் மேல் ‘டீசல்’ என்று எழுதி வைத்தல் நலம்.

மழையைப் பற்றியும் ஒரு வார்த்தை. தென்மேற்குப் பருவமழை வழக்கமாக ஜூன் முதல் நாளை ஒட்டிக் கேரளத்தில் தொடங்குகிறது. திருவனந்தபுரத்துக்கு ஐப்பசி மழையிலும் பங்கு உண்டு. தொட்டி மூடியின் ரப்பர் வளையம் தேய்ந்திருந்தால் மழைநீர் உள்ளே இறங்கும். டீசலைப் போலன்றி நீர் பெட்ரோலோடு கலவாது, அடியில் தங்கும். இப்போது நாம் வாங்கும் பெட்ரோலில் எத்தனால் என்னும் சாராயச் சத்து கலந்திருக்கிறது. நூற்றுக்கு இருபது பங்கு எத்தனால் கலந்த பெட்ரோல் 2023இல் விற்பனைக்கு வந்து, பின்னர் நாடெங்கும் பரவியது. எத்தனால் நீரை விரும்பி ஈர்க்கும் இயல்புடையது. சிறிதளவு நீரைத் தன்னுள் கரைத்துக்கொள்ளும். அளவு மிஞ்சினால் நீரும் எத்தனாலும் கூடிப் பெட்ரோலை விட்டுப் பிரிந்து கீழே தங்கிவிடும். மழைக்குப் பின் வண்டி திக்கித் திணறினால் இதனை ஐயுறலாம். இதற்கும் பரிகாரம் முன் சொன்னதே: ஓட்டாமல் நிறுத்தி, முழுவதையும் வடித்து, புதிது ஊற்றுதல். விடுமுறைக்கு ஊருக்குச் செல்பவர்கள் வண்டியை மழை படாத இடத்தில் விட்டுச் செல்லுதல் நன்று.

வடித்தெடுத்த கலவையை என் செய்வது? சாக்கடையில் ஊற்றிவிடலாம் என்று எண்ணாதீர்கள். திருவனந்தபுரத்தின் நடுவே ஓடும் ஆமையிழஞ்சான் தோடு, தம்பானூர் ரயில் நிலையத்தின் அடியில் புகுந்து சென்று, ஆக்குளம் ஏரியைச் சேர்கிறது. அதன் குப்பையை அகற்ற இறங்கிய ஒரு தூய்மைப் பணியாளர் 2024 ஜூலையில் உயிரிழந்த செய்தியை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மூடிய கால்வாயினுள் பெட்ரோல் ஆவி தங்கினால், அதில் இறங்குபவருக்கு மூச்சும் முட்டும், தீயும் பற்றலாம். நாம் ஊற்றுவது நம் கண்ணைவிட்டு மறைந்துவிடும். வேறொருவர் உயிரைத் தேடிச் செல்லும். ஆகையால் கலவையை மூடியுள்ள பாத்திரத்தில் பழுதுபார்க்கும் நிலையத்திலேயே ஒப்படைத்துவிடுங்கள். அதனை மண்ணெண்ணெய் அடுப்பில் ஊற்றுவது எக்காரணத்தாலும் கூடாது, அடுப்பு வெடிக்கும்.

இறுதியாக, பொறுப்பு யாருடையது என்ற கேள்வி. தவறு பங்க் ஊழியருடையதானால், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். ரசீது கிடைக்காவிடில் கேட்டு வாங்குங்கள். அது உங்கள் உரிமை. மேலாளரிடம் நடந்ததைச் சொல்லி, வடிப்பதற்கும் துப்புரவுக்கும் ஆகும் செலவை ஏற்குமாறு கேளுங்கள். அமைதியாகக் கேட்டால் பெரும்பாலும் அங்கேயே தீர்ந்துவிடும். தீராவிடில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணாகிய 1915ஐ அழைக்கலாம். அதன் மேலும் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, தவறு நிகழ்ந்த ஊரில்தான் முறையிட வேண்டும் என்பதில்லை; நீங்கள் வாழும் இடத்திலோ பணிபுரியும் இடத்திலோ உள்ள ஆணையத்திலும் முறையிடலாம். இரண்டு ஆண்டுகளுக்குள் செய்தல் வேண்டும். ஊர்விட்டு ஊர் சென்று பிழைக்கும் நமக்கு இது பெரிய வசதி. சொந்தப் பிழைப்புக்காக வண்டி ஓட்டுபவரையும் அச்சட்டம் நுகர்வோராகவே கருதுகிறது.

உரிமையைக் கேட்கும்போது எதிரே நிற்கும் மனிதரையும் சற்று நினைத்துப் பார்ப்போம். குழாயைப் பிடித்து நிற்கும் அந்த இளைஞர் பல சமயம் அசாமிலிருந்தோ வங்காளத்திலிருந்தோ வந்தவராக இருப்பார். நம்மைப் போலவே மொழி தெரியாத ஊருக்குப் பிழைக்க வந்தவர். கூட்டத்தைக் கூட்டி அவரை ஏசினால் தொட்டியில் உள்ள டீசல் வெளியே வந்துவிடாது; அவருடைய வேலைதான் போகும். இழப்பீட்டைக் கேட்க வேண்டிய இடம் நிர்வாகம். அவருடைய சட்டைக் காலர் அன்று. பலராமபுரத்து நெசவாளர்களும் சாலைத்தெரு வணிகர்களும் தமிழ்ப் பகுதிகளிலிருந்து அங்குச் சென்று தலைமுறை தலைமுறையாக நற்பெயரோடு வாழ்ந்து வருகின்றனர். அவர்கள் ஈட்டிய அந்தப் பெயர் நம் ஒவ்வொருவர் நடத்தையிலும் தொங்கிக்கொண்டிருக்கிறது.

சொன்னவற்றைத் தொகுத்துச் சொல்கிறேன். பங்க்கில் வண்டியைவிட்டு இறங்கி நில்லுங்கள். எரிபொருளின் பெயரை வாய்விட்டுச் சொல்லுங்கள். குழாயின் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள். நிறத்தை மட்டும் நம்பாதீர்கள், அது இடத்துக்கு இடம் மாறலாம். எண் சுழியில் இருக்கிறதா என்று பார்க்கும் அதே பார்வையில் லிட்டர் விலையையும் பாருங்கள். இவ்வளவு கவனத்தையும் மீறித் தவறு நேர்ந்துவிட்டால், சாவியில் கை வைக்காதீர்கள். தள்ளுங்கள், வடியுங்கள், கழுவுங்கள், பிறகு கிளப்புங்கள்.

இவ்வாறு செய்யப்பட்ட வண்டி மறுநாள் காலை வழக்கம்போல் உங்களை வேலைக்குச் சுமந்து செல்லும். இழப்பு சிறிது பெட்ரோலும் அரை நாள் பொழுதும்தான். ஊரில் இருப்பவர்களுக்கு மாதம்தோறும் அனுப்பும் பணத்தில் குறைவு நேராது. நேயர்கள் தாம் அறிந்த இதனைப் புதிதாக ஊருக்கு வந்து சேரும் தம்பிமார்க்கும் தங்கைமார்க்கும் எடுத்துச் சொல்வீர்களாக.